மலையக வீதியில் சிறிய கார்: தூக்கிப் போடும் குறை எங்கே இருந்தது?

பொகவந்தலாவைப் பக்கம் யாரிடமாவது "கார் தூக்கிப் போடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். "ஷொக் அப்சோபர் போயிருக்கும், நான்கையும் மாற்றுங்கள்" என்ற பதில் கையோடு வரும். என்னுடைய 660 சிசி ஜப்பான் காருக்கும் அந்தத் தீர்ப்புத்தான் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்ட நிலையில் சொல்கிறேன்: இந்தக் காரில் ஷொக் அப்சோபரைத் தவிர மற்றதெல்லாம் குற்றவாளி.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஊரில் இருந்த கார்களே கைமாறிக் கொண்டிருந்தன. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். முன்பு வைத்திருந்தவருடைய ஆசைகளும் காரோடு சேர்ந்து வந்தன: பெரிய அலோய் வீல், அகல டயர், சற்றே உயர்ந்த நிற்பு. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. நோர்வூட் வரை வழுவழுப்பான காபட் (தார்) வீதியில் ஒன்றும் தெரியாது. தோட்டத்து வீதியில் திரும்பியதும் பின்னால் இருப்பவர்கள் "கொஞ்சம் மெதுவாக" என்று கெஞ்சத் தொடங்குவார்கள்.

குலுக்கல் எல்லாம் ஒரே சாதி அல்ல. மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கார் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருந்தால் ஷொக் அப்சோபரைச் சந்தேகிக்கலாம். என் கார் ஆடவில்லை, இடித்தது. முன்பக்கத்தை அழுத்திவிட்டால் ஒரே எழும்பலில் அடங்கியது. ஷொக் அப்சோபரின் உடம்பில் எண்ணெய்க் கசிவும் இல்லை. அப்படியிருக்க அதை ஏன் மாற்ற வேண்டும்? டிக்கோயாவில் வயதான மெக்கானிக் ஒருவர் மட்டும்தான், "தம்பி, மேலே இருப்பதை விடுங்கள், தரையைத் தொடுகிற பொருளிலிருந்து பார்ப்போம்" என்றார்.

தரையைத் தொடுவது டயர். இந்தக் காருக்கு உரிய அளவு 155/65ஆர்14, மாட்டியிருந்தது 165/55ஆர்15. முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் பக்கச்சுவர் 101 மில்லிமீற்றரிலிருந்து 91 ஆகக் குறைந்திருக்கிறது. கல்லின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பரில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. போதாக்குறைக்கு, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை யாரும் பார்க்காமல் கல்லுப்போலக் காற்றடித்திருந்தார்கள். பழைய 14 அங்குல வீல்களைத் தேடி வாங்கினேன். டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

காற்றைப் பற்றி ஒரு சந்தேகம் இங்கே எல்லோருக்கும் உண்டு. கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவுக்கு வந்தால் கூடுமா, குறையுமா? 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூட்டிக் காட்டும். குளிரோ ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஒன்றரை பிஎஸ்ஐ அளவு குறைத்துவிடும். இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுவதால் வீணாகக் குழம்ப வேண்டாம். காலையில், டயர் சூடாகுமுன் அளந்தால் போதும்.

டயர் மாறியதும் பாதிச் சுகம் வந்தது. மீதி இடி எங்கிருந்து என்று சக்கரக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ஸ்ப்ரிங்கின் சுருள்களுக்கிடையே திணித்திருந்த ரப்பர்த் துண்டுகள் தெரிந்தன. சேறு அப்பிக் கறுத்து, ஸ்ப்ரிங்கோடு பிறந்தவை போல உட்கார்ந்திருந்தன. அடித்தட்டு கல்லில் இடிக்கக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் பலர் செய்யும் வேலை இது. நிற்பு கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் சுருள் நெருங்க இடமில்லாவிட்டால் அந்தப் பகுதி ஸ்ப்ரிங்காகவே வேலை செய்யாது. மிச்சமிருக்கும் சில சுருள்களே முழுப் பாரத்தையும் தாங்க, இடி நேரே ஆசனத்துக்கு ஏறும். கழற்றி எறிந்தோம். அதற்கான விலையாக, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி உழுத தடத்தில் இப்போது நடுமேட்டைச் சாய்வாகக் கடக்க வேண்டியிருக்கிறது.

சிறு கற்களில் கேட்ட கடகடச் சத்தம் ஸ்டெபிலைசர் லிங்குடையது; வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு அது. மலிவான பொருள், சீக்கிரம் முடிந்தது. பிரேக் பிடிக்கும்போது வந்த 'டொக்' மட்டும் கீழ் ஆர்மின் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் மூட்டிலுள்ள ரப்பர் உறை. ரப்பர் வெடித்து, கம்பி விட்டு நெம்பினால் தாராளமாக அசைந்தது. இதில் ஒரு கராஜ் செய்த வேலை சில மாதம்கூடத் தாங்கவில்லை. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். கார் தரையில் இறங்கி ஆர்ம் மேலேறியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுகிக் கடைசியில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். டிக்கோயா மெக்கானிக் ஜாக்கியால் ஆர்மையே கீழிருந்து உயர்த்திப் பாரம் கொடுத்துவிட்டு இறுக்கினார். அந்தப் புஷ் இன்றுவரை சத்தம் போடவில்லை. ஆர்ம் கழற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் காட்டினால் புது டயரின் ஓரம் தேய்ந்துவிடும்.

கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் அது வேறு கதை. டிஸ்க்கைப் பாருங்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள்.

தீராதது ஒன்று உண்டு. தனியாக ஓட்டும்போது பின்பக்கம் இன்னும் துள்ளுகிறது. ஆட்களையும் சாமான்களையும் சுமக்க அமைத்த பின் ஸ்ப்ரிங். வெறுமையாக இருந்தால் விறைக்கத்தான் செய்யும். பின்னால் இரண்டு பேர் ஏறியதும் அடங்கிவிடுகிறது. அதற்காக ஸ்ப்ரிங்கை வெட்டச் சொல்லும் யோசனைகளும் வந்தன. காது கொடுக்கவில்லை. நான்கு ஷொக் அப்சோபர்களும் காரோடு வந்தவையே, இன்னும் அவைதான் ஓடுகின்றன. எண்ணெய் கசியத் தொடங்கினால் முன்னிரண்டையும் சோடியாக மாற்ற எண்ணம்.