கணக்குத் தீர்க்கும் பேயும் காரணம் சொல்லாத பேயும்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்றால் பேய்ப் படம். பாட்டி படுத்த படுக்கையாகி இரண்டு வருடமாகிறது. அவரை விட்டுவிட்டு நான் ஈப்போவுக்குப் போய்ப் படம் பார்க்க முடியாது. அதனால் படம் பார்க்கிற கூட்டம் இங்கே வந்துவிடுகிறது. மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் அக்கா, தம்பி முறையாகும் சித்தப்பா மகன், நான். கூடத்திலேயே கட்டில் போட்டிருப்பதால் பாட்டிக்கு டிக்கெட் இலவசம். வீடு இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். முன்பு இந்த இடத்தில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் இருந்தன. இப்போது பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. ராத்திரியில் மட்டை ஒன்று விழுந்தால்கூட யாரோ குதித்த மாதிரி இருக்கும். பேய்ப் படத்துக்கு இதைவிடத் தோதான தியேட்டர் கிடையாது.

போன நான்கு வாரத்தில் நான்கு படம் பார்த்தோம். 'அரண்மனை 4', 'டிமான்டி காலனி 2', இந்தோனேசியாவின் 'பெங்காப்டி சேத்தான்', மலையாளத்தில் 'பிரமயுகம்'. நான்காவது படம் முடிந்த இரவில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. நான்கில் எது நிஜமாகவே பயமுறுத்தியது? அண்ணன் அரண்மனைக் கட்சி. அக்கா பிரமயுகம். தம்பிக்கு இந்தோனேசியப் படத்தோடு மற்றதை ஒப்பிடுவதே பாவம். நானும் தம்பி பக்கம்தான், ஆனால் அவன் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

டிமான்டி காலனியை முதலில் முடித்துவிடுகிறேன். அஜய் ஞானமுத்து 2015இல் எடுத்த முதல் பாகம் எனக்குப் பிடித்த படம். நான்கு நண்பர்கள், ஓர் அறை, அவர்களுக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் ஒரு டிவி. கதவு திறக்காது என்று தெரிந்ததும் பார்க்கிற நமக்கும் மூச்சு முட்டும். 2024 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் பாகத்தில் அருள்நிதிக்கு இரட்டை வேடம், புத்த பிக்குகள் வருகிறார்கள், ஒரு சாபத்துக்கு மேல் இன்னொரு விதி, அதற்கு மேல் ஒரு விதிவிலக்கு. நடுவில் எழுந்துபோய் மீ கோரிங் வாங்கிவந்த தம்பிக்கு விட்டுப்போன கதையைச் சொல்ல மூன்று பேர் முயன்றோம், மூன்று பேரும் மூன்று கதை சொன்னோம். கெட்டிக்காரத்தனமான படம்தான். ஆனால் விதியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவனுக்குப் பயப்பட எங்கே நேரம்?

பேய்க்கு விதி வேண்டும். அது பாட்டி ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விதியாக இருக்க வேண்டும். ராத்திரியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைக்கு முன்னால் 'என்னா' என்று கேட்காதே. இருட்டில் விசில் அடிக்காதே. மலாய்க்காரர்களிடமிருந்து வந்து தோட்டத்தில் ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு: பொந்தியானாக் என்கிற பெண் பேயின் அழுகை பலமாகக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது, மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது.

இதையெல்லாம் பாட்டி வீட்டுக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. விடியற்காலைக் குளிரில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக மர நிரைக்குப் போக வேண்டும். விளக்கு வெளிச்சம் ஒரு மரம் தூரம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காதோடு கேட்டால் தமிழ்ப் பேய்ப் படங்களின் பெரிய கோளாறு சட்டென்று பிடிபடும். பேய் பக்கத்தில் வந்தால் சத்தம் கூடுகிறது. வயலின் கிறீச்சிடுகிறது, டமால் என்று ஒரு அடி, கோவை சரளா அலறுகிறார். பொந்தியானாக் கணக்குப்படி பார்த்தால் அந்தப் பேய் இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறது. 'பெங்காப்டி சேத்தான்' இதற்கு நேர் எதிர். அதிலும் டமால்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம்மை உலுக்குவது ஒரு சின்னக் கைமணியின் சத்தம். மேல்மாடி அறையில் படுக்கையில் கிடக்கும் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட அந்த மணியைத்தான் அடிக்கிறார். அம்மா இறந்து, புதைத்துவிட்டு வந்த பிறகும் மணி அடிக்கிறது. மெல்லத்தான்.

அரண்மனைக்கு அநியாயம் செய்ய எனக்கு விருப்பமில்லை. சுந்தர் சி. இயக்கி, அவரே நடித்து, 2024 மே மாதம் வந்த படம். அஸ்ஸாமியர்கள் சொல்லும் 'பாக்' என்கிற, ஆள் உருவம் எடுக்கக்கூடிய பேயைக் கொண்டுவந்திருக்கிறார்கள். யார் மனுஷன், யார் பாக் என்று தெரியாமல் போகும் சில இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. அந்தப் பாக்கிடமிருந்து தன் பிள்ளையைக் காப்பாற்ற, இறந்துபோன தாய் தமன்னா பேயாக நிற்கிறார். அப்புறம் யோகி பாபு, அப்புறம் அம்மன் பாட்டு. குஷ்புவும் சிம்ரனும் வந்து ஆடுகிறார்கள். "குடும்பத்தோட பார்க்கலாம், சிரிக்கலாம், சாமியும் கும்பிட்டுக்கலாம். உங்க படத்தைப் பார்த்துட்டு எவனாச்சும் தனியா பாத்ரூம் போவானா லா?" என்பது அண்ணனின் வாதம். பாத்ரூமுக்குத் தனியாகப் போக முடிந்தால் அது என்ன பேய்ப் படம் என்று தம்பி கேட்டான். சரியான கேள்வி.

தமன்னாவைப் பார்த்துப் பாட்டி அழுதார். எனக்குச் சிக்கல் அங்கேதான். தமிழ்ப் படத்துப் பேயிடம் எப்போதும் ஒரு வழக்கு இருக்கிறது. 2011இல் வந்த 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற திருநங்கையின் நிலத்தைப் பறித்துக் கொன்றுவிடுகிறார்கள், அவர் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறார். பிளாஷ்பேக் முடியும்போது நாம் எல்லாரும் பேய்க் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். 'கொல்லு, விடாதே' என்று கத்துகிறோம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவனுக்குச் செத்த பிறகாவது தீர்ப்புக் கிடைக்கட்டுமே. தோட்டத்து எல்லையில் சுருட்டும் கள்ளும் வாங்கிக்கொண்டு காவல் நிற்கும் முனியாண்டிச் சாமியிடம் நாம் கேட்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் பேய் எப்போது நம் வக்கீலாகிறதோ அப்போதே பயம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

இந்தோனேசியப் படத்துக்கு வருகிறேன். 1980இல் வந்த பழைய படத்தை ஜோகோ அன்வார் 2017இல் மறுபடி எடுத்தார். இந்தோனேசியத் தியேட்டர்களில் மட்டும் 42 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கதை நடப்பது 1981இல். பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் கஷ்டம் வந்துவிடுகிறது. அம்மா ஒரு காலத்தில் பாடகி. இப்போது வருமானம் இல்லை, வைத்தியச் செலவில் வீடு அடகுக்குப் போய்விட்டது. மூத்த மகள் அம்மாவின் பழைய பாட்டுக்கு ஏதாவது பணம் வருமா என்று கம்பெனிப் படி ஏறி இறங்குகிறாள். நான்கு பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. கடைசித் தம்பிக்குப் பேச்சு வராது, எல்லாம் சைகைதான். அடக்கம் முடிந்த கையோடு அப்பா வேலையாகப் பட்டணத்துக்குப் போய்விடுகிறார்.

படம் எடுத்த அந்தப் பழைய வீடு இருப்பது மேற்கு ஜாவாவில், பங்களேங்கன் தேயிலைத் தோட்டப் பகுதியில். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. உயர்ந்த கூரை, நீளமான ஜன்னல், பகலிலும் இருட்டு ஒட்டிக்கிடக்கும் நடை. எங்கள் பக்கத்துத் துரை பங்களாக்களும் அதே ஜாடைதான். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. பாட்டியின் சின்ன வயதில் சாயங்காலத்துக்குப் பிறகு பங்களா பக்கம் பிள்ளைகள் போகமாட்டார்களாம். துரையின் ஆவி என்ன கேட்கும் என்று கேட்டேன். "அது என்னாத்தக் கேக்கும்? சும்மா நிக்கும்" என்றார்.

பேய் சும்மா நிற்கும் என்பது தமிழ் சினிமாவுக்கு இன்னும் பிடிபடாத விஷயம். ஜோகோ அன்வாருக்கு முக்கால் படம் வரை பிடிபட்டிருக்கிறது. மூத்தவள் தொழுதுகொண்டிருக்கும்போதே அது வருகிறது. அரண்மனையில் அம்மன் பாட்டு ஆரம்பித்தால் நாம் சாய்ந்து உட்காரலாம். இங்கே சாமி கும்பிட்டாலும் காவலுக்கு உத்தரவாதம் இல்லை. சைவமாக இருந்தால் என்ன, இஸ்லாமாக இருந்தால் என்ன, அந்தக் காட்சியில் எங்கள் கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இன்னொன்று, இந்தோனேசிய மொழி எங்களுக்குச் சப்டைட்டில் தேவைப்படாத மொழி. பள்ளிக்கூடத்தில் படித்த மலாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. பாட்டிக்கும் சந்தையில் பேசிப் பழகிய மலாய் போதும். எழுத்தைப் படித்துப் பயப்படுவதற்கும் நேராகக் காதில் விழுந்து பயப்படுவதற்கும் உள்ள தூரம் பெரியது. பின்பாதியில் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து இன்னது இதனால் என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தம்பி இதை ஒத்துக்கொள்ளமாட்டான்.

நம் பக்கத்தில் பேய்ப் படம் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1957இல் மரியா மெனாடோ நடித்து வந்த 'பொந்தியானாக்' படத்தை சிங்கப்பூரில் எடுத்த இயக்குநர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். மலாய்ப் பேயை முதலில் திரைக்கு ஏற்றிய கைகளில் அவர் கையும் ஒன்று. பாட்டி பொந்தியானாக் படம் ஒன்றைத் தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது பார்த்திருக்கிறார். எந்தப் படம் என்று நினைவில்லை. முன்வரிசையில் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இடவலமாகப் பார்த்தார்களாம். பேய் வந்ததும் முன்னால் இருந்தவர்கள் பின்னால் ஓட, பின்னால் இருந்தவர்கள் முன்னால் ஓட, நடுவில் துணி அறுந்ததாம்.

நான்கில் சிறந்த படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'பிரமயுகம்' என்பேன். 2024 பிப்ரவரியில் வந்தது, ராகுல் சதாசிவன் இயக்கியது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டு மலபார். அடிமையாக விற்கப்படுவதிலிருந்து தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன், காட்டுக்கு நடுவே இடிந்துகிடக்கும் ஒரு மாளிகைக்கு வந்துசேர்கிறான். மம்மூட்டிதான் வீட்டுக்காரர். சோறு போடுகிறார், பாடச் சொல்லிக் கேட்கிறார், பாராட்டுகிறார், பகடையாடக் கூப்பிடுகிறார். பந்தயம் வைக்க இவனிடம் காசு ஏது? உன் காலத்தை வை என்கிறார். வைக்கிறான், தோற்கிறான். அதற்குப் பிறகு அந்த வாசலைத் தாண்ட முடியாது.

அக்கா இதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "இது நம்ம கதைதானே" என்றார். முன்பணம் கொடுத்து, சோறும் கூரையும் உண்டென்று சொல்லி மலாயாத் தோட்டங்களுக்கு ஊரில் ஆள் சேர்த்த கங்காணியை நினைத்துச் சொன்னார். இந்திய அரசு 1938இல் தடுத்து நிறுத்தும்வரை அப்படித்தான் கப்பல் ஏறினார்கள். வந்தவர்கள் வைத்துத் தோற்றதும் காலத்தைத்தான். மம்மூட்டி அந்தத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கும்போது எனக்கு ஒரு பேயும் தெரியவில்லை, கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு மனுஷன்தான் தெரிந்தான். அக்காவோடு நான் முரண்படுவது இங்கேதான். எனக்கு வந்தது கோபம். கோபம் வந்துவிட்டால் பயத்துக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

சரி, யாருக்கு எது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அண்ணன் பேச்சைக் கேளுங்கள். தனியாக, வேறு விளக்கே இல்லாமல் பார்ப்பதென்றால் பிரமயுகம். கறுப்பு வெள்ளையில் கறுப்பு எத்தனை வகை என்று தெரியும். டிமான்டி காலனிக்கு முதல் பாகம் போதும். படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற வீடாக இருந்தால், பெங்காப்டி சேத்தானைப் போடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் கைமணி கிடையாது. பாட்டி எதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். ராத்திரி மூன்று தடவை, நான்கு தடவை. முதல் தட்டுக்கு எழுந்துபோன காலம் உண்டு. இப்போதெல்லாம் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தட்டு வருகிறதா என்று பார்க்கிறேன். அந்தப் படத்துப் பிள்ளைகளும் மணிச் சத்தம் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யார் போவது? தம்பிக்குப் படத்தில் பிடித்தது பேய். எனக்கு அந்தப் பார்வையைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு, இரண்டு மணி இருக்கும், டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. மெல்லத்தான் கேட்டது. மூன்றாம் தடவை வரை காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடத்து விளக்கைப் போட்டேன். பாட்டி விழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தண்ணி வேணுமா பாட்டி?"

"வேணாம். அந்தப் பொம்பள மணி அடிச்சிக்கிட்டே கெடந்தாளே," என்றார். "கடைசில யாராச்சும் போய் என்னான்னு கேட்டாங்களா இல்லையா?"