பவர்ஷெல்லிலிருந்து டாட்நெட் நிகழ்வுகளைப் பிடிக்கும் இரு வழிகள்

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்காகச் சி ஷார்ப் மொழியில் எழுதித் தொகுத்த ஒரு பொருள் எழுப்பும் நிகழ்வை (ஏதோ நடந்தது என்று அது தரும் அறிவிப்பை), மைக்ரோசாஃப்டின் கட்டளைமொழியான பவர்ஷெல்லில் எழுதிய ஸ்கிரிப்ட் இரண்டு விதமாகப் பிடிக்கலாம். பொருளின் 'ஆட்_கிரியேட்டட்' போன்ற முறையிடம் ஸ்கிரிப்ட் பிளாக்கை (ஓட்டவேண்டிய நிரல்துண்டை) நேரே கொடுப்பது ஒன்று; 2009இல் பவர்ஷெல் 2.0 உடன் வந்த 'ரெஜிஸ்டர்-ஆப்ஜெக்ட்ஈவென்ட்' கட்டளையிடம் பொறுப்பை விடுவது மற்றொன்று.

நேர்வழி சுருக்கமானது, ஆனால் அந்த பிளாக் டெலிகேட்டாக (டாட்நெட் அழைக்கக்கூடிய நிரல்சுட்டியாக) மாறி, நிகழ்வு எந்த த்ரெட்டில் (செயல்முறைக்குள் தனியே ஓடும் இழையில்) எழுகிறதோ அங்கேயே ஓட முற்படும். டாட்நெட்டின் சாளர நூலகமான விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு பொத்தானைச் சொடுக்கும்போது எழும் நிகழ்வு ஸ்கிரிப்டின் த்ரெட்டிலேயே வருவதால் அங்கே தொல்லையில்லை. கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஃபைல்சிஸ்டம்வாட்சரோ த்ரெட் பூலிலிருந்து (டாட்நெட் தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பிலிருந்து) நிகழ்வை எழுப்புகிறது. அந்த த்ரெட்டில் ரன்ஸ்பேஸ் (பவர்ஷெல் நிரல் ஓடும் சூழல்) இல்லாததால் ஸ்கிரிப்டை ஓட்ட முடியாமல் பிழை எழும், அதை எவரும் பிடிக்காவிட்டால் செயல்முறை முழுவதுமே சரிந்துவிடக்கூடும்.

ரெஜிஸ்டர் கட்டளை நிகழ்வை வரிசையில் போட்டுவைத்து, ஸ்கிரிப்டின் ரன்ஸ்பேஸ் ஓயும்போது கையாளியை (நிகழ்வு வந்தால் ஓடவேண்டிய நிரல்துண்டை) இயக்குகிறது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை தாமதம்: 'ஷோடயலாக்' முறையால் காட்டிய சாளரம் திறந்திருக்கும்வரை கையாளி காத்துக்கிடக்கும், சாளரம் மூடுமுன் எழும் 'ஃபார்ம்குளோசிங்' நிகழ்வில் மூடுவதைத் தடுக்கும் 'கேன்சல்' மதிப்பைக் கையாளி மாற்றினாலும், அது ஓடுவதற்குள் சாளரம் மூடியிருக்கும். ஆகவே பதிலை உடனே எதிர்பார்க்கும் நிகழ்வுகளுக்கு நேர்வழியைத் தவிர வேறு போக்கில்லை.

எனினும் என் தீர்ப்பை முடிவுசெய்வது, இப்போது யார் யார் சந்தாவில் இருக்கிறார்கள் (எந்த நிகழ்வுக்கு எந்தக் கையாளி பதிந்திருக்கிறது) என்று பார்க்கும் வசதிதான். 'கெட்-ஈவென்ட்சப்ஸ்கிரைபர்' என்று தட்டினால் சந்தா எண், மூலப்பொருள், நிகழ்வின் பெயர் எல்லாம் வந்துவிடும். 'சப்போர்ட்ஈவென்ட்' என்று மறைத்துப் பதிந்தவற்றுக்கு மட்டும் 'ஃபோர்ஸ்' சேர்க்க வேண்டும். கையாளியின் வெளியீடும் பிழைகளும் திரையில் வராமல், பதிவின்போது கிடைக்கும் ஜாப் (பணி) பொருளில் சேர்வதால், ஓசையின்றித் தோற்ற கையாளியை அங்கேதான் தேட வேண்டும். (இதை அறியாமல் நிகழ்வே எழவில்லை என்று நம்புகிறவர்கள் பலர்.) நேர்வழியிலோ, சந்தாதாரர் பட்டியல் பொருளின் தனிப்பட்ட புலத்துக்குள் ஒளிந்திருப்பதால் ரிஃப்ளெக்ஷனை (ஓடும் நிரலின் உள்ளமைப்பை ஆராயும் வசதியை) கொண்டுதான் எட்டிப்பார்க்க முடியும், அந்தப் புலத்தின் பெயரும் எந்தப் பதிப்பிலும் மாறலாம்.

சந்தாவை நீக்குவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ரெஜிஸ்டர் கட்டளைக்குச் சந்தா எண் போதும், நேர்வழிக்குக் கொடுத்த அதே டெலிகேட்டை மாறியில் வைத்திருக்க வேண்டும்.

எனவே வரைகலைச் சாளரங்களுக்கு நேர்வழியையும், மற்ற எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர் கட்டளையையும் எடுப்பேன். நிகழ்வுகள் அடைமழையாகப் பொழியும் இடத்தில் மட்டும், சி ஷார்ப்பில் ஒரு சிறு வகுப்பு எழுதி, அதன் கன்கரன்ட்கியூவில் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வரிசையில்) அவற்றைச் சேர்த்துவைத்து, ஸ்கிரிப்ட் தன் வேகத்தில் எடுத்துக்கொள்ளும்படி விடுவேன்.