ஐந்தாம் வகுப்பில் நிறுத்துவதா, மேலே அனுப்புவதா?

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கக்கூடாது என்றது. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடும் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. மத்திய அரசுப் பள்ளிகளில் 2024 டிசம்பர் முதல் நிறுத்தி வைக்கலாம்; ஆனால் நிறுத்தும் முன், தேர்வு முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு.

நிறுத்தி வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும், அவ்வளவுதான். ஆனால் அதே பாடத்தை அதே விதத்தில் இன்னொரு வருஷம் நடத்தினால் மட்டும் புரிந்துவிடுமா? தம்பி வயசுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்காரும் கூச்சம்தான் மிஞ்சும். கூலி வேலைக்குப் போகும் வீடு என்றால், படிப்பு அதோடு நின்றுவிடும்.

சரி, சும்மா தள்ளிவிடுவது மட்டும் போதுமா? போதாது. 2022-இல் தமிழ்நாடு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், கற்றிருக்கும் அளவைப் பார்த்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. ஒரே அறையில் ஒருத்தி எழுத்துக்கூட்டுவாள், பக்கத்திலிருப்பவள் கதை வாசிப்பாள். ஆசிரியருக்கு வேலை அதிகம்தான். ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் ரொம்பவே கஷ்டம். இருந்தாலும் என் ஓட்டு மேலே அனுப்புவதற்குத்தான்; கூடவே இன்னொரு ஆசிரியரையும் அனுப்ப வேண்டும்.