உணவுச் சங்கிலி மணி கிட்: ஆறு வகுப்புல வச்சு பார்த்துட்டு எழுதுறேன்

புல்லை வெட்டுக்கிளி தின்னுது, வெட்டுக்கிளிய தவளை, தவளைய பாம்பு, பாம்பை பருந்து. இத எந்தப் பிள்ளையும் ஒரே மூச்சுல ஒப்பிச்சிடும். ஆனா "சரி, புல்லுல இருந்த ஆற்றல்ல பருந்துக்கு எவ்ளோ போய் சேருது"ன்னு கேட்டா வகுப்பே கப்சிப். பல வருஷமா போர்டுல அம்பு போட்டு, பிரமிடு வரைஞ்சு, ஒரு நிலையில இருக்கற ஆற்றல்ல பத்துல ஒரு பங்குதான் அடுத்த நிலைக்குப் போகும்ங்கற பத்து சதவீத விதிய கோடு போட்டு எழுதி வச்சு நடத்திருக்கேன், பரீட்சையில சரியா எழுதுவாங்க, ஆனா புரிஞ்சுதான் எழுதுனாங்களான்னு எனக்கு நம்பிக்கை வந்ததே இல்ல. அதனாலதான் இந்த மணி கிட் ஒண்ண வாங்கிப் பார்த்தேன்.

பெட்டிக்குள்ள அஞ்சு மரத்தட்டு, உயிரினங்க படம் போட்ட கார்டு, அம்பு பட்டைங்க, வெப்பம்னு எழுதுன ஒரு பெரிய சிவப்பு டப்பா, ஆற்றலக் காட்டுற 1000 மஞ்சள் மணி, கூடவே ஒரு சின்ன கையேடு. ஆட்டம் ரொம்ப சிம்பிள். புல் தட்டுல 1000 மணியும் இருக்கும், வெட்டுக்கிளி 100 எடுத்துக்கும், மீதி 900 சிவப்பு டப்பாவுக்குள்ள போயிடும். தவளைக்கு 10. பாம்புக்கு 1. பருந்துக்கு? ஒரு மணிய பத்தா வெட்ட முடியாதுல்ல, அதுக்குன்னே கடுகளவு குட்டி மணி பத்து தனியா குடுத்திருக்காங்க, பாம்போட அந்த ஒரு மணிய பத்து குட்டி மணியா மாத்தி அதுல ஒண்ணே ஒண்ண பருந்துக்கு குடுக்கணும். இத யோசிச்சவங்க யாரோ நிஜமாவே வகுப்புல நின்னவங்க, சந்தேகமே இல்ல.

பருந்து தட்ட வச்சிருந்த பொண்ணு அந்தக் குட்டி மணிய உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டு "சார் இது எனக்கு எப்படி பத்தும்"னு கேட்டா. நான் பதில் சொல்லவே இல்ல, பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன் "அப்போ பருந்து நிறைய பாம்பு பிடிக்கணும், அதுக்கு நிறைய தவளை வேணும், அதுக்கு பெரிய இடம் வேணும், அதான் பருந்து கொஞ்சமா இருக்கு"ன்னு அவனே சொல்லி முடிச்சுட்டான். பருந்த மட்டுமே தின்னு வாழுற ஒரு மிருகம் ஏன் இல்ல, சங்கிலி ஏன் நாலு அஞ்சு கண்ணியோட நின்னுடுதுன்னு அடுத்து நான் கேக்க நினைச்சிருந்த கேள்வியும் அங்கேயே முடிஞ்சுது.

இன்னொரு நல்ல விஷயம் அம்பு. பிள்ளைங்க வழக்கமா பண்ற தப்பே இதுதான், யார் யாரைத் தின்னுறாங்கன்னு நினைச்சு பருந்துல இருந்து பாம்புக்கு அம்பு போடுவாங்க. இதுல அம்பு பட்டையில ஒரு சின்ன பள்ளம் இருக்கு, மணி அதுல உருண்டுதான் அடுத்த தட்டுக்குப் போகும், அதனால ஆற்றல் போற பக்கம்தான் அம்புன்னு கையே கத்துக்குது.

இப்போ குறைங்க. முதல் குறை, 900 மணியும் ஒரே டப்பாவுல விழுறது. கையேடு அது எல்லாமே ஓடியாடி செலவானதுன்னு சொல்லுது, அது பாதி உண்மைதான். புல்லுல பெரும்பகுதிய வெட்டுக்கிளி தின்னவே தின்னாது, தின்னதுலயும் செரிக்காதது எச்சமா வெளிய போயிடும், மிச்சத்துல ஒரு பங்கு சுவாசத்துல செலவாகி வெப்பமா போகும், எஞ்சுனதுதான் உடம்பா வளரும். பாடப்புத்தகங்கள்ல வர்ற கம்பளிப்புழு கணக்கு ஒண்ணு உண்டு, 200 ஜூல் (ஆற்றல அளக்குற அலகு) இலைய தின்னா 100 எச்சம், 67 சுவாசம், 33தான் வளர்ச்சி. அதனால நான் சிவப்பு டப்பாவுக்குப் பதிலா மூணு கப் வச்சுட்டேன்: தின்னாதது, செரிக்காதது, சுவாசம். சுவாச கப் நிறையும்போது எல்லாரையும் அவங்கவங்க கழுத்துல கைய வச்சுப் பாக்க சொன்னேன், அந்தக் கதகதப்புதான் இந்த மணிங்கன்னு சொன்னதும் முகமெல்லாம் மாறிடுச்சு.

இரண்டாவது குறைய என்னால மன்னிக்க முடியல. காளான் கார்டுல இருந்து புல்லுக்கு ஒரு மஞ்சள் அம்பு போட்டிருக்காங்க. மஞ்சள்னா ஆற்றல்னு பெட்டி பூரா சொல்லிட்டு இப்படிப் போட்டா என்ன அர்த்தம்? காளான் மாதிரி செத்தத மக்க வைக்கிற சிதைப்பவைங்க மண்ணுக்கு திருப்பித் தர்றது தாது உப்புங்களத்தான், ஆற்றல் திரும்ப வராது, அது ஒரு வழிப்பாதை. ஒரு பையன் அந்த அம்ப பார்த்துட்டு "அப்போ ஒரு தடவ வெயில் அடிச்சா போதுமா சார், அதுக்கப்புறம் சூரியன் தேவையில்லையா"ன்னு கேட்டான். அவன் யோசிச்சது சரி, படம்தான் தப்பு. அந்த மஞ்சள் பட்டைய எடுத்து வச்சுட்டு, பழைய சட்டை பட்டன்கள தாது உப்பா வச்சு சுத்த விட்டேன், மணி கீழ இருந்து மேல போய் தீர்ந்துடும், பட்டன் மட்டும் சுத்தி சுத்தி வரும். தயாரிச்சவங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

சூரியனுக்கு தட்டே இல்லங்கறதையும் சொல்லணும். செடி மேல விழுற வெளிச்சத்துல சுமார் ஒரு சதவீதம்தான் உணவா மாறுது, அதையும் மணியில காட்டணும்னா ஒரு லட்சம் மணி வேணும், புரியுது, ஆனா கையேட்டுல ஒரு வரி எழுதிருக்கலாம். அதேபோல பத்து சதவீதம்ங்கறது கல்வெட்டு இல்ல, ஒவ்வொரு இடத்துலயும் 5ல இருந்து 20 வரைக்கும்கூட மாறும், சராசரியாத்தான் பத்துன்னு வச்சுக்கறோம்.

கையேட்டுல லிண்டமன் பேரு ஒரு வரியில வந்துட்டுப் போகுது. அமெரிக்காவுல மின்னசோட்டாவுல சிடார் பாக்ங்கற சின்ன ஏரிய பல வருஷம் ஆராய்ஞ்சு, ஒரு நிலையில இருந்து அடுத்த நிலைக்கு ஆற்றல் எப்படிக் குறையுதுன்னு கணக்கு போட்டவர் அவர். கட்டுரைய முதல்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறம் 1942ல வெளிவந்தப்போ அவர் உயிரோட இல்ல, 27 வயசுலயே போயிட்டார். இத சொன்னப்போ யாருமே பேசல. கையேட்டுல அரை பக்கமாவது குடுத்திருக்கணும் இவருக்கு.

பதினொண்ணுல இருந்து பதினாலு வயசு பிள்ளைங்களுக்கு சரியா இருக்கும், அதுக்குக் கீழ எண்ணிக்கிட்டே நேரம் போயிடும். மணிய ஒவ்வொண்ணா எண்ணாதீங்க, நூறு மணி பிடிக்கிற ஒரு மூடிய அளவுக்கு வச்சுக்குங்க. முதல் நாளே அந்த மஞ்சள் காளான் பட்டைய பெட்டில இருந்து எடுத்துடுங்க. அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், அந்த ஒண்ணு போனது காளானால.