எலுமிச்சை மஞ்சள் அனிமோன் வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் தங்கள் க்ளவுன் மீன் ஜோடிக்குத் துணையாக, பூப்போல் தோன்றும் கடல் விலங்கான கடல் சாமந்தி ஒன்றை, அதாவது அனிமோனை, வாங்கிவிடலாம் என்று எண்ணியிருப்பவர்கள், பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடந்த சனவரியில் சென்னையில் உள்ள ஒரு கடையில் 3,200 ரூபாய் கொடுத்து நான் வாங்கிவந்த மஞ்சள் அனிமோன் உண்மையில் மஞ்சளே அல்ல. சாயம் ஏற்றப்பட்டு, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஓர் உயிரினம் அது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வேலையை அவர்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

நீல விளக்கின் கீழ் அது எலுமிச்சம்பழம் போல் பளபளத்தது. சாயம் ஏற்றியதா என்று வாய்விட்டே கேட்டேன். "அதெல்லாம் இல்லை சார், வரும்போதே இந்த நிறத்தில்தான் வருகிறது" என்றார் விற்பவர். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த அதன் பாதத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுத்தார். ஓரம் கிழிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அனிமோனுக்குப் பாதம் கிழிந்தால் அந்தக் காயத்தின் வழியாகவே தொற்று ஏறி உடல் அழுகக்கூடும். அங்கேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. பையைப் பதினைந்து நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு அப்படியே விட்டுவிடலாம், பாறையின் உச்சியில் வைக்க வேண்டும், இரவே ஒரு முழு இறாலைக் கொடுக்க வேண்டும் என்று மூன்று யோசனைகளும் கிடைத்தன. மூன்றும் தவறு.

வீட்டில் பையை வெள்ளை வாளியில் கவிழ்த்தபோதுதான், அந்தத் தண்ணீரே இளமஞ்சளாக இருப்பது தெரிந்தது. நீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் உப்படர்த்தி 1.018, என் தொட்டியிலோ 1.025. உப்புச் செலவு குறையும், மீன்களின் ஒட்டுண்ணித் தொல்லையும் ஓரளவு அடங்கும் என்பதற்காகப் பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைக்கிறார்கள். மீன் தன் உடலுக்குள் இருக்கும் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். அனிமோனால் அது முடியாது, வெளியே உள்ள நீர் எப்படியோ அப்படியே அதன் உள்நீரும் ஆகிவிடும். ஆகவே, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் இறக்கி, வாளி நிரம்பும்போதெல்லாம் பாதியைக் கொட்டிவிட்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கடைத் தண்ணீரில் ஒரு துளியைக்கூடத் தொட்டிக்குள் விடவில்லை.

இது ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா என்ற வகை. இதன் இயல்பான நிறம் பெரும்பாலும் மங்கிய பழுப்பு; அந்தப் பழுப்பு, அதன் திசுவுக்குள் குடியிருந்து வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகளுடையது. பிடித்து அனுப்பும் வழியில் படும் பாட்டில் பாசிகளை இழந்துவிட்டால் விலங்கு வெளுத்துப்போகும்; வெளுத்ததை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் சாயம் ஏற்றுகிறார்கள். உணர்கொம்புகளின் நுனியில் ஊதா இருப்பது இயற்கையிலும் உண்டு. பாதம் முதல் நுனிவரை ஒரே சீராக, துணிக்குச் சாயம் போட்டதைப் போல ஒரு நிறம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் அதன் வாய் பிளந்தபடி கிடந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, தாங்கள் கொடுத்தனுப்பிய நீலநிறப் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு விடுமாறும், தங்கள் கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் அதைத்தான் ஊற்றுவதாகவும் சொன்னார்கள். புட்டியின் மேல் காப்பர் சல்ஃபேட் என்று எழுதியிருந்தது. மீன்களின் ஒட்டுண்ணிக்கு மருந்தான செம்பு, அனிமோன், இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்றவற்றுக்கு நஞ்சு. நல்லவேளையாகப் படித்துவிட்டுப் புட்டியை மூடி வைத்தேன். அவர்கள் கடையிலிருந்தே அது என்ன நிலையில் வந்தது என்பதும் அப்போது விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கடையிடம் எதையும் கேட்கவில்லை. இந்த வகை மணலில் பாதத்தைப் புதைத்துக்கொள்ள விரும்புவது. எனவே பாறையின் அடியில், மணல் ஆழமாக இருந்த இடத்தில் வைத்து, அது பிடித்துக்கொள்ளும்வரை ஒரு மணி நேரம் நீரோட்டத்தை நிறுத்தினேன். இடம் பிடிக்காமல் அலையும் அனிமோன், தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான பவர்ஹெட்டுக்குள் இழுபட்டு அரைபடுவதுண்டு. அதனால் பவர்ஹெட்டின் வாய்க்குப் பஞ்சு கட்டினேன். மூன்றாம் நாள் அது உண்மையாகவே நகர்ந்து பாறையின் பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. இழுத்து முன்னால் வைக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். விளக்கை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் தொடங்கி, மூன்று வாரங்களில் மெல்ல உயர்த்தினேன். க்ளவுன் மீன்கள் உடம்பைத் தேய்த்தே பலவீனமான அனிமோனைச் சோர்வடையச் செய்துவிடும் என்பதால் அவற்றைத் துளைத் தடுப்புக்கு அப்பால் வைத்தேன். ஒரு வாரம் உணவே கொடுக்காமல், பிறகு கடலைப்பருப்பு அளவு இறால் துண்டு, வாரத்துக்கு இரண்டு முறை. பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் சளி உருண்டையாகக் கக்கிவிடும், நீரும் கெடும்.

அவ்வப்போது சுருங்கிக் கழிவு நீரை வெளியேற்றிவிட்டு மீண்டும் உப்புவது இயல்புதான். அதற்குப் பயப்படத் தேவையில்லை. வாய் பிளந்தபடியே இருந்து, சதை நூல் நூலாகப் பிரிந்து, நாற்றம் எடுத்தால் மட்டும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். கரைந்துபோகும் ஒரே அனிமோன் தொட்டி முழுவதையும் சாகடித்துவிடும். ஸ்காட்லாந்தில் 1828-இல் பிடிக்கப்பட்டு, 1887 வரை கண்ணாடிப் பாத்திரத்தில் வாழ்ந்த வேறொரு வகை அனிமோன் உண்டு. நம் கைக்கு வருபவற்றில் பல, பத்து நாளைக்கூடத் தாண்டுவதில்லை என்றால், குறை விலங்கிடம் இல்லை.

என்னுடையது பிழைத்தது. பிப்ரவரிக்குள் மஞ்சள் முழுவதும் கழன்று, கண்ணாடி போல் வெளுத்தது. ஏப்ரலில் அடிப்பக்கத்தில் லேசான பழுப்பு தெரிந்தது. மே மாத வெயிலில் விசிறி வைத்து 27 பாகைக்கு மேல் ஏறாமல் காத்தபோது உடல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. அதன் படத்தோடு கடைக்குப் போய், சாயம் போட்டு விற்றதை ஒப்புக்கொண்டு பாதிப் பணத்தையாவது திருப்பித் தரும்படி கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த விற்பவர், என் வீட்டுத் தண்ணீர் சரியில்லாததால் நிறம் போய்விட்டதாகச் சொல்லி, அதே மேசைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் ஓர் ஊதா அனிமோனைக் காட்டி, பழைய வாடிக்கையாளர் என்பதால் எனக்கு மட்டும் 2,800 ரூபாய் என்றார்.