மோடத்தில் 1970 என்று தேதி காட்டுகிறதா? புது மோடம் வாங்கிவிடாதீர்கள்

கோபியில் எங்கள் வீட்டு நெட் ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால் எத்தனை மணிக்கு அறுந்தது என்று கேட்கிறார்கள். சரி என்று மோடத்தின் லாக்கை, அதாவது என்ன எப்போது நடந்தது என்று அது எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் எல்லா வரியிலும் 1970 ஜனவரி 1.

கடையில் இருந்து ஆளை வரவழைத்தேன். "மோடம் போச்சுங்ணா, பாருங்க, தேதியே 1970ல நிக்குது, போர்டு அடிவாங்கிருச்சு" என்றார். புது மோடம் 3,200 ரூபாய், வந்துபோனதற்கு 500. சீரியல் நம்பரை மாற்றிப் பதிந்து, தேதியைக் கையாலேயே வைத்துவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பில் கிடையாது.

மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. புது மோடத்தைத் திறந்தேன். 1970 ஜனவரி 1, காலை 5:31!

கோவையில் படிக்கும் அண்ணன் மகள் வந்து பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. எங்கள் மோடம் பிரிட்ஜ் மோடில் இருக்கிறது. பிபிபிஓஇ (கம்பெனியிடம் லாகின் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நெட்டைப் பிடிப்பது ரவுட்டர்தான், மோடம் நடுவில் டேட்டாவைக் கைமாற்றிவிடுவதோடு சரி. வீட்டுக்கே நெட் கொடுத்தாலும் அதற்கென்று நெட் கிடையாது. உள்ளே பேட்டரிக் கடிகாரமும் இல்லாததால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அதன் நேரக் கணக்கு ஆரம்பிக்கிற இடத்துக்கே போய்விடும். அது 1970 ஜனவரி 1, நம் நேரத்துக்குக் காலை 5:30. நெட்டில் இருந்து நேரம் எடுக்க வழி விட்டால் தானாகச் சரியாகும். பழைய மோடத்துக்கும் இதேதான்.

இதைச் சொல்லி அதே ஆளைக் கூப்பிட்டேன், அது என் தப்பு. மோடத்தில் இருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு (வீட்டுச் சாதனங்களைச் சொருகும் இடம்) இன்னொரு ஒயரைச் சொருகி "இப்ப மோடத்துக்கும் நெட் வந்துருமுங்" என்று 300 வாங்கிக்கொண்டார். மோடத்தில் டிஹெச்சிபி, அதாவது போன்களுக்குத் தானாக நெட்வொர்க் அட்ரஸ் கொடுக்கும் வசதி, ஆனிலேயே இருந்தது. அதனால் சில போன்களுக்கு ரவுட்டர் அட்ரஸ் கொடுக்க, சிலவற்றுக்கு மோடம் கொடுக்க, மோடத்திடம் வாங்கியவை எல்லாம் வைஃபை இருந்தும் நெட் இல்லாமல் நின்றன. அம்மாவின் போனும் அதில் ஒன்று, இரண்டு நாள் வீடியோ கால் வரவில்லை என்று அவர் தவித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் மகள் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பைசா செலவில்லாமல் முடித்தாள். மோடத்தின் அட்ரஸ் 192.168.1.1, வீட்டு நெட்வொர்க் 192.168.0 வரிசை. இரண்டும் ஒரே வரிசையாக இருந்தால் முதலில் ஒன்றை மாற்ற வேண்டும். எங்கள் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச சாஃப்ட்வேர் இருப்பதால், மோடத்தின் ஒயர் வரும் வான் போர்ட்டிலேயே பிபிபிஓஇ தவிர 192.168.1.2 என்ற அட்ரஸில் இன்னொரு இன்டர்ஃபேஸ் (இணைப்பு) போட்டாள். மோடத்தில் கேட்வே (வெளியே போகும் வழி) 192.168.1.2, டிஎன்எஸ் (பெயருக்கு அட்ரஸ் சொல்லும் சர்வர்) 8.8.8.8. ஃபயர்வாலில் மோடத்தில் இருந்து வெளியே போக மட்டும் அனுமதி, வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. அப்புறம் மாஸ்கரேடிங்கும், அதாவது மோடத்தின் அட்ரஸுக்குப் பதில் ரவுட்டரின் அட்ரஸைப் போட்டு வெளியே அனுப்புவதும், ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் போன டேட்டாவுக்குப் பதில் திரும்பி வராது. கம்பெனி கொடுக்கும் சில மோடங்களில் கேட்வே மாற்ற விடமாட்டார்கள், அதை முதலில் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் தேதி சரியானது. லாக்கில் இருந்த நேரங்களை எழுதிக் கொடுத்ததும் லைன்மேன் வந்து, கம்பத்தில் மடங்கிக் கிடந்த ஃபைபரை மாற்றினார். அதோடு நெட் அறுவது நின்றது.

பழைய மோடத்தைக் கேட்டுக் கடைக்கு இரண்டு முறை போனேன். அதை வேறொரு வீட்டில் மாட்டியாயிற்று, நன்றாக ஓடுகிறது என்று கடைப் பையன் சொல்கிறான்.