பக்கவாதத்துக்கு அப்புறம் பிசியோ (இயன்முறைப் பயிற்சி): வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

டிஸ்சார்ஜ் ஆனதும் அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். எண்ணெய் தடவி நீவிவிட்டால் போதும் என்பவர்களை இதில் சேர்க்கவில்லை. நோயாளி தானே முயன்று அசைத்தால்தான் கை பழகும்.

செலவு
ஆஸ்பத்திரி: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆட்டோவுக்கும் கூட வருபவரின் அன்றைய கூலிக்கும் கணக்குப் போடுங்கள்.
வீடு: தனியார் என்றால் வரும்போதெல்லாம் பணம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் மூலம் பிசியோ கொடுப்பவர்கள் இலவசமாக வருவார்கள். ஆனால் தினமும் எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சி
ஆஸ்பத்திரி: இருபக்கமும் உள்ள இணைக்கம்பிகளைப் பிடித்து நடக்கலாம், தப்பாக ஊன்றினால் திருத்த ஆளுண்டு.
வீடு: சொந்த நடைப்படி, சொந்தக் கழிவறை, காபி டம்ளர். புழங்கப்போவது இங்கேதானே!

ஆபத்து
ஆஸ்பத்திரி: பயணக் களைப்பு.
வீடு: தூக்கிவிடுகிறேன் என்று செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். தோள்மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பைத்தான் தாங்க வேண்டும்.

சரி, வீட்டாரே பயிற்சி கொடுத்தால்? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வில், அதனால் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று, இனி பிசியோ எதற்கு என்பதை நான் ஒப்பமாட்டேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து வர முடிகிறவருக்கு, முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரி. படுக்கையைவிட்டு எழவே முடியாதவருக்கு வீடு. விழுங்கும்போது புரையேறினால் வீடு பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.